விராலி வைத்தேன், செத்துவிட்டது: வறட்சி தாங்கும் என்பது பொய்யா?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2019

பிப்ரவரி கடைசியில் வேலி ஓரமாக ஏழு விராலிக் கன்றுகள் வைத்தேன். கன்று கொடுத்தவர், "காட்டுச்செடி, ஒரு மாதம் தண்ணீர் காட்டினால் போதும், அப்புறம் தானாக வந்துவிடும்" என்றார். ஒரு மாதம் ஊற்றினேன், நிறுத்தினேன். மே முடிவதற்குள் ஐந்து போய்விட்டன. மீதி இரண்டும் இலை சுருங்கி நிற்கின்றன. குன்றில் பாறை இடுக்கில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் பச்சையாக நிற்கும் செடி, தோட்டத்தில் மட்டும் ஏன் சாகிறது? வறட்சி தாங்கும் என்பதே சும்மா சொல்லும் பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

9 ஜூன் 2019, இரவு

சும்மா சொல்லும் பேச்சு இல்லை. உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

பாறை இடுக்கில் நிற்கும் விராலி அங்கேயே விதையாக விழுந்து, மழையில் முளைத்தது. மேலே நாலு இலை விடுவதற்குள் கீழே வேரை இறக்கிவிடும். அதோடு கூட முளைத்தவற்றில் பெரும்பாலானவை முதல் கோடையிலேயே கருகியிருக்கும். நம் கண்ணில் படுவது பிழைத்து நிற்கும் ஒன்றுதான். பைக்கன்றின் கதை வேறு. அது தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்தது. வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சுருளாகிக் கிடக்கும். அதை எடுத்து பிப்ரவரியில் நட்டால், அது பக்கத்து மண்ணுக்குள் வேரை நீட்டுவதற்குள் கத்திரி வந்துவிடும்.

2012-ல் நானும் இதையேதான் செய்தேன். ஆறு கன்று, மார்ச் மாதம், "காட்டுச்செடிதானே" என்ற அதே நம்பிக்கை. ஆறும் போயின. செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பை இருந்த அளவுக்கே, பையின் வடிவத்திலேயே, வேர்க்கட்டி அப்படியே வெளியே வந்தது. மூன்று மாதத்தில் ஒரு வேர்கூட வெளி மண்ணைத் தொடவில்லை.

உங்களிடம் மீதி இருக்கும் இரண்டையும் இப்போது பிடுங்க வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி, வாரம் இரண்டு முறை ஒரு வாளி தண்ணீர் நிதானமாக ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இது நல்லது. மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். தண்ணீர் கீழே போனால்தான் வேரும் அதைத் தேடி இறங்கும்.

11 ஜூன் 2019

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "வாரம் இரண்டு முறை" என்று மண் என்னவென்று கேட்காமலேயே எழுதிவிட்டேன். என்னுடையது சரளை கலந்த செம்மண், ஊற்றிய தண்ணீர் நிற்காது. உங்களுடையது களிமண் என்று இன்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கணக்கு உங்களுக்கு ஆகாது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் என்னுடைய இரண்டாவது தோல்வி. 2013-ல் வைத்த ஐந்து கன்றுகளும் தண்ணீராலேயே செத்தன. ஆறு கன்று காய்ந்துபோன வருத்தத்தில், செம்பருத்திக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயிலேயே இவற்றையும் சேர்த்துவிட்டேன். தினமும் காலையில் தண்ணீர். முதல் மாதம் செழித்தன. இரண்டாம் மாதம் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் திறந்துவிட்டேன்.

காய்ந்து சாகும் விராலியையும் அழுகிச் சாகும் விராலியையும் கண்ணால் பிரித்துச் சொல்லலாம். தண்ணீர் இல்லாதபோது முதலில் இலையின் பளபளப்பு போகும். பச்சை மங்கி, சாம்பல் தூவியது போல ஆகும். இலை நீளவாக்கில் லேசாக மடியும், அப்புறம் நுனியிலிருந்து பொறுபொறுவென்று காயும். காய்ந்த பிறகும் பல நாள் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் மிஞ்சினால் அடி இலைகள் மஞ்சளாகி, மெத்தென்று இருக்கும்போதே உதிரும். தொட்டாலே கையோடு வந்துவிடும். மண்ணைக் கிளறி வேர் ஒன்றை இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். குட்டை நாற்றம் அடிக்கும். அந்த நிலைக்குப் போனதை என்னால் ஒருமுறைகூடக் காப்பாற்ற முடிந்ததில்லை.

12 ஜூன் 2019

களிமண்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம்.

நடுவதற்கு முன்னால் ஒரு அடி ஆழம் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் குழியில் நின்றால், அந்த இடத்தில் குழி வெட்டி விராலி வைக்கக் கூடாது. குழிக்குள் மணலும் எருவும் போட்டு நிரப்பினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். சுற்றிலும் களிமண், நடுவில் மட்டும் பொலபொலப்பான மண் என்றால் மழைத் தண்ணீர் முழுவதும் அந்தக் குழிக்கே வந்து சேர்கிறது. செடி தொட்டிக்குள் நிற்பது போல நிற்கிறது. அதைவிட, அதே மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமாக மேடு கட்டி அதன் மேல் நடுவது எளிது, செலவும் இல்லை.

எரு வேண்டாம். உரமும் வேண்டாம். சத்து ஏறினால் கிளை நீண்டு, மெலிந்து, காற்றில் சாயும். இந்தச் செடி ஏழை மண்ணிலேயே அழகாக இருக்கும்.

20 ஆகஸ்ட் 2019

உங்கள் இரண்டில் ஒன்று துளிர்த்துவிட்டது என்று படித்தேன். மிகவும் சந்தோஷம். மற்றது போனால் போகட்டும், அந்த இடத்தில் உடனே புதிதாக நட வேண்டாம். செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முந்தைய நேரம் அது. இரண்டு மூன்று மாதம் மழையே வேரை இறக்கிவிடும்.

நடும்போது பையை நீளவாக்கில் கிழித்து எடுங்கள், கன்றைத் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் சுற்றியிருந்தால் வெளிச் சுருளை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். கட்டியை உதறிப் பிரிக்க வேண்டாம். விராலிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. முழங்கால் உயரக் கன்றைவிட ஒரு சாண் கன்று மேல். சிறியது ஒரு வருடத்தில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். இதை நம்பாமல் நான் பெரிய கன்றாகவே தேடித் தேடி வாங்கிய காலம் உண்டு.

3 நவம்பர் 2019

விதை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். என் இப்போதைய வேலி முழுவதும் விதையில் வந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காய் காகிதம் போல இருக்கும். பெரும்பாலும் மூன்று இறக்கை, சிலவற்றில் இரண்டு, எப்போதாவது நான்கு. பச்சையாகத் தொடங்கி, இளஞ்சிவப்பாகி, சில செடிகளில் நல்ல கருஞ்சிவப்பாகி, கடைசியில் பழுப்பாகும். பழுப்பானதும் கையில் வைத்துக் கசக்கி ஊதினால் இறக்கைச் சருகு பறந்துவிடும். கடுகைவிடப் பெரிய, சற்றுத் தட்டையான கறுப்பு விதைகள் உள்ளங்கையில் நிற்கும்.

அதை அப்படியே விதைத்தால் ஒன்று இரண்டு முளைக்கும், மீதி மாதக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். விதைத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அதைத் திறக்க வெந்நீர் வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதையின் மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு, மறுநாள் வரை ஊறவிடுவேன். அடுப்பில் வைத்து வேகவிடக் கூடாது, விதை செத்துவிடும்.

மறுநாள் காலையில் கிண்ணத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் பிடித்த வேலை. சில விதைகள் இரண்டு மடங்கு பருத்து, தோல் மங்கிக் கிடக்கும். சில நேற்றைய அதே கறுப்பு மினுமினுப்போடு சின்னதாகவே இருக்கும். பருத்தவற்றை அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். மினுங்குபவற்றைத் தனியே எடுத்து மறுபடி ஒருமுறை வெந்நீர் ஊற்றுவேன். மிதப்பவை உள்ளே ஒன்றுமில்லாதவை.

விதைப்பது ஆழமாக வேண்டாம், விதையின் பருமன் அளவுக்கு மண் மூடினால் போதும். மணல் கலந்த மண், வெயில் படும் இடம். எனக்கு இரண்டாவது மூன்றாவது வாரத்தில் முளைத்தன. நாலு நிஜ இலை வந்ததும் நீளமான பைக்கு மாற்றுங்கள். அகலத்தைவிட ஆழம் முக்கியம்.

4 நவம்பர் 2019

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. ஒரே செடியின் விதையாக இருந்தாலும் கன்றுகள் ஒன்றுபோல வராது. இலை அகலம், காயின் நிறம், கிளை விடும் விதம் எல்லாம் மாறும். வேலி ஒரே சீராக வேண்டும் என்பவர்கள் பிடித்த செடியிலிருந்து குச்சி எடுத்து வேர்விட வைக்க வேண்டும். அரைமுற்றல் குச்சி, நிழல், ஈரக்காற்று, நிறையப் பொறுமை. பத்து வைத்து மூன்று வந்தால் நான் நிறைவாகிவிடுவேன். எனக்கென்னவோ ஒன்றுபோல இல்லாத வேலிதான் அழகு.

17 ஜனவரி 2020

"என் விராலிக்கு ஐந்து வயது, ஆளுயரம் வளர்ந்துவிட்டது, சிவப்புக் காயே வரவில்லை, சத்துக் குறைவா?" என்று ஒருவர்.

சத்துக் குறைவு இல்லை. உங்களுடையது ஆண் செடியாக இருக்கும். விராலியில் பெரும்பாலும் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறு செடியிலும் வரும். பூவுக்கு இதழே கிடையாது, அதனால் பலர் பூத்ததையே கவனிப்பதில்லை. பூத்த நேரத்தில் கொத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் பூவில் எட்டுக்கு முன்பின்னாகத் தடித்த மகரந்தப் பைகள் கொத்தாக இருக்கும். கிளையைச் சுண்டினால் மஞ்சள் தூள் புகைபோல எழும். பெண் பூவில் நடுவே ஒரு சின்னப் பச்சைச் சூலகமும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியும் தெரியும், அவ்வளவுதான்.

கன்றிலேயே ஆணா பெண்ணா என்று சொல்ல எனக்குத் தெரிந்து வழி இல்லை, பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒன்றாக வைக்காமல் ஐந்தாறாக வையுங்கள் என்கிறேன். ஆண் செடி ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பெண் செடி காய்க்காது. தேனீக்களும் நிறைய வரும், அவைதான் மகரந்தம் சேர்க்கும்.

2 பிப்ரவரி 2020

முந்தைய குறிப்பின் கடைசி இரண்டு வரிகளும் தவறு. இரண்டையும் திருத்துகிறேன்.

முதலில் தேனீ. விராலியில் மகரந்தத்தைச் சுமப்பது காற்று. இதழ் இல்லை, பகட்டு இல்லை, தூள் மட்டும் ஏராளம், எல்லாமே அதற்கு ஏற்ற அமைப்பு. நான் பார்த்த தேனீக்கள் ஆண் செடிக்கு மகரந்தம் எடுக்க வந்தவை. இரண்டு வாரமாகக் காலை வேளையில் நின்று கவனித்தேன், பெண் செடிக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

இரண்டாவது, "காய்க்காது" என்று அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. சில செடிகளில் இருபால் பூவும் கலந்து வருவதுண்டு. பக்கத்தில் வேறு விராலியே இல்லாத தனிச் செடி காய்த்ததைக் கண்டிருப்பதாக இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், அது நடக்கக்கூடியதே. ஐந்தாறாக வையுங்கள் என்ற யோசனை மட்டும் அப்படியே நிற்கட்டும்.

28 மே 2020

ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்த இந்த இரண்டு மாதத்தில் வேலியோடுதான் பெரும்பாலும் இருந்தேன். அதனால் இலை பற்றிக் கொஞ்சம்.

காலை வெயிலில் ஒரு தளிரைப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். வார்னிஷ் அடித்தது போல மின்னும். இரண்டு விரலால் நசுக்கினால் ஒட்டும், அந்தப் பிசின் சோப்பு போட்டாலும் சட்டென்று போகாது. இலையை எறும்பு கடக்கும்போது நிதானித்து நடப்பதைக்கூடப் பார்த்தேன். அந்தப் பிசின் பூச்சுதான் வெயிலைத் திருப்பியடிக்கிறது, உள்ளே இருக்கும் ஈரத்தையும் எளிதில் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இலையும் குறுகலானது, தோல் தடித்தது. அறிவியல் பெயரின் பின்பாதியான விஸ்கோசா என்பதற்கு ஒட்டும் தன்மையுள்ளது என்றுதான் பொருள். முன்பாதி டோடோனியா, 16-ஆம் நூற்றாண்டின் பிளெமிஷ் மருத்துவரும் தாவரவியலாளருமான ரெம்பர்ட் டோடோயன்ஸ் நினைவாக வைத்தது. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-ல் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். 1760-ல் ஜாக்குவின் என்ற தாவரவியலாளர் இப்போதைய பெயருக்கு மாற்றினார். பூந்திக்கொட்டையும் முடக்கத்தானும் இதே குடும்பம்தான். முடக்கத்தானின் காற்றடைத்த மூன்று அறைக் காயை விராலிக் காயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு புரியும்.

29 மே 2020

"இது நம் செடியா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததா?" என்ற கேள்விக்கு: டோடோனியா பேரினத்தில் சுமார் எழுபது இனங்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில்தான். ஆனால் விராலி மட்டும் வெப்பமண்டலம் முழுக்க இயற்கையாகவே பரவியது. நம் பக்கத்து வறண்ட குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் யாரும் கொண்டுவந்து வைக்காமல் இருப்பது.

ஒரே செடியைப் பல தீவு மக்கள் தங்கள் செடி என்று கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஹவாயில் இதற்கு ஆஆலிஇ என்று பெயர். எந்தக் காற்றும் சாய்க்க முடியாத ஆஆலிஇ நான், என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பழமொழியே அங்கே உண்டு. சிவப்புக் காய்களை மாலையில் சேர்த்துக் கட்டுவார்கள், சாயமும் எடுத்தார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் அக்கேஅக்கே என்கிறார்கள், என்றென்றைக்கும் என்று பொருள். கட்டை அவ்வளவு உறுதி, அதில் போருக்கான கதாயுதங்கள் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பீருக்குக் கசப்புச் சேர்க்கும் ஹாப் கிடைக்காமல் இந்தக் காயைப் போட்டார்கள். ஹாப் புதர் என்ற ஆங்கிலப் பெயர் அப்படி வந்தது. ஊதா இலை விராலி என்று விற்கிறார்களே, அதுவும் நியூசிலாந்திலிருந்து பரவியதுதான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் குன்றின் செடி வேண்டும் என்பவர்கள் நம் குன்றின் விதையையே தேடுங்கள். நம் வெயிலைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த விதை அது.

15 அக்டோபர் 2020

கவாத்து. இதை எழுத மனம் வராமல் தள்ளிப் போட்டேன்.

ஏப்ரலில் வேலியில் மூன்று செடிகள் அடியில் மொட்டையாகி, மேலே மட்டும் குடைபோல நின்றன. முழங்கால் உயரத்தில் வெட்டினால் அடியிலிருந்து துளிர்த்து அடர்த்தியாகும் என்று நினைத்தேன். நொச்சி அப்படித் துளிர்க்கும், ஆடாதோடையும் துளிர்க்கும். அந்தப் பழக்கத்தில் மூன்றையும் வெட்டினேன். இரண்டு அப்படியே காய்ந்துவிட்டன. மூன்றாவதில் வெட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பக்கக்கிளையில் ஏழெட்டு இலை தப்பியிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் துளிர்த்தது, மறுபக்கம் இன்றுவரை வெறும் கட்டை. ஆறு வருடம் விதையிலிருந்து வளர்த்த செடிகள்.

விராலியின் இலையில்லாத முதிர்ந்த கட்டையை நம்ப முடியாது. எங்கே வெட்டினாலும் வெட்டுக்குக் கீழே பச்சை இலை இருக்க வேண்டும். அடர்த்தி வேண்டுமானால் கன்று ஒரு முழம் இருக்கும்போதே நுனி கிள்ளத் தொடங்குங்கள், வருடத்துக்கு இரண்டு முறை லேசாகக் கத்தரியுங்கள். ஏற்கனவே மொட்டையான செடியை இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். கோடையில் கத்தரியை எடுக்கவே வேண்டாம், மழைக்காலத்தின் தொடக்கத்தில் செய்யுங்கள்.

16 அக்டோபர் 2020

நிழலும் ஒரு காரணம் என்று நினைவூட்டியவருக்கு நன்றி, சரிதான். அந்த மூன்றும் வேப்பமரத்தடியில் நின்றவை. முழு வெயிலில் நிற்பவை அடிவரை இலையோடுதான் இருக்கின்றன.

7 மார்ச் 2021

ஆடு கடிக்காது என்று ஏற்கனவே வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். பொதுவாக உண்மைதான், கசப்பும் பிசினும் ஆட்டுக்குப் பிடிக்காது, அதனால்தான் மேய்ச்சல் அதிகமான குன்றுகளில் மற்றதெல்லாம் போன பிறகும் விராலி நிற்கிறது. ஆனால் இளங்கன்று விஷயத்தில் அதை நம்பியிருக்க வேண்டாம். சில வாரங்களுக்கு முன்பு வேலிக்குள் வந்த இரண்டு ஆடுகள் பதினைந்து கன்றுகளின் நுனியைக் கடித்து, மென்று, பாதியைத் துப்பிவிட்டுப் போயிருக்கின்றன. தின்ன முடியாததைத் தெரிந்துகொள்ளவும் ஒரு கடி கடித்துத்தான் பார்க்கும். முதல் இரண்டு வருடம் முள் போட்டு மறைத்து வையுங்கள்.

கடிபட்ட பதினைந்தில் பதினான்கு இரண்டாகக் கிளைத்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். நான் கிள்ள வேண்டியதை ஆடு கிள்ளியது.

12 மே 2021

"பசுமை மாறாத செடி என்றீர்கள், கோடையில் இலை கொட்டுகிறதே" என்பவருக்கு. பசுமை மாறாதது என்றால் இலையே உதிராது என்பதல்ல. பழைய இலை உதிர்ந்துகொண்டேதான் இருக்கும், செடி முழுவதும் ஒரேயடியாக மொட்டையாகாது, அவ்வளவுதான். கடும் கோடையில் உள்பக்க இலைகளைக் குறைத்துக்கொள்ளும். நுனி இலைகள் பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்த சருகை அள்ளாதீர்கள், அதுவே நல்ல மூடாக்கு. தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும்.

30 ஆகஸ்ட் 2021

விராலி ஒத்துவராத இடத்துக்கு வேறு என்ன வைக்கலாம் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: நிழல் என்றால் காட்டு நாரத்தை, மெதுவாக வளரும், ஆனால் பார்க்கப் பார்க்க அழகு. ஆள் நுழையக் கூடாது என்றால் சங்கஞ்செடி, கணுவுக்குக் கணு நாலு முள் வரை. தண்ணீர் சில நாள் தேங்கும் என்றால் நொச்சி. பூவும் வண்ணத்துப்பூச்சியும் வேண்டும் என்றால் ஆவாரை, அதன் வேரும் பைக்கன்று விஷயத்தில் விராலி போலத்தான், நேரடியாக விதைப்பதே மேல். எல்லாவற்றுக்கும் முதல் வருடத் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான்.

6 ஜூன் 2022

அந்தக் கணக்கை ஒரே இடத்தில் எழுதச் சொல்கிறார்கள். என் மண்ணுக்கு நான் செய்வது இது, உங்கள் மண்ணுக்கு விரலை விட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் நடவு. மழை நின்றதும் ஜனவரியிலிருந்து வாரம் ஒரு வாளி. ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரம் இரண்டு வாளி. இரண்டாம் வருடக் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு வாளி. இரண்டாம் வருடம் ஆகஸ்டிலிருந்து நிறுத்திவிடுவேன். மூன்றாம் கோடையில் நுனி இலை மங்கினால் மட்டும் ஒருமுறை. அதன் பிறகு இல்லவே இல்லை. இந்த நிறுத்துவதுதான் கடினம். நன்றாக வளரும் செடிக்குத் தண்ணீரைக் குறைக்கக் கை வராது. ஆனால் ஐந்து வருடம் விடாமல் ஊற்றிய செடி ஐந்து வருடமும் பைக்கன்றாகவே இருக்கிறது, வேர் மேலேயே சுற்றுகிறது. ஒரு மாதம் வெளியூர் போய் வந்தால் அது செத்திருக்கும், பக்கத்தில் பட்டினி போட்டு வளர்த்தது நிற்கும். தொட்டியில் வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் பொருந்தாது. தொட்டியில் வேர் போக இடமில்லை, கடைசி வரை தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

19 நவம்பர் 2023

2019-ல் இந்தக் கேள்வியைத் தொடங்கியவர் தன் செடியைப் பற்றி எழுதியிருக்கிறார். தப்பிய அந்த ஒன்று இப்போது எட்டு அடி, பெண் செடி, இந்த வருடம் முதல்முறையாகக் காய்த்திருக்கிறது. 2021 தொடக்கத்திலிருந்து தண்ணீர் இல்லை. அன்று நகத்தால் சுரண்டிப் பச்சையைப் பார்த்த இடத்தில் இன்றும் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதாம்.

அவர் பிறகு அக்டோபரில் மேடு கட்டி வைத்த கன்றுகளில் ஐந்துக்கு நான்கு நிற்கின்றன, அவற்றில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும்.

2 ஜூன் 2024

என் வீட்டுப் பின்படிக்கட்டுக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே ஒரு விரிசல். விரல் நுழையாது. அதில் போன மழையில் ஒரு விராலி தானாக முளைத்திருந்ததை ஜனவரியில்தான் பார்த்தேன். பிடுங்கிப் பையில் வைக்கலாம் என்று போனேன், வேர் வரவில்லை, விட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றவும் இல்லை. படி கழுவும் தண்ணீர்கூட அந்தப் பக்கம் போகாது.

கத்திரி முடிந்துவிட்டது. உயரம் ஒரு சாண்கூட இல்லை. இன்று காலை குனிந்து எண்ணினேன், பதினோரு இலை. நுனியில் இருப்பது ஒட்டுகிறது.